சயான் என்று எழுதிய முகவரி

காலையில் எங்கள் சந்தில் ரப்பர் ஹாரன் இரண்டு முறை ஒலித்ததும், எதிர்வீட்டு மராத்திக் குழந்தை "அண்ணா ஆலா", அண்ணா வந்தாச்சு, என்று கத்துகிறது. அடுத்த வீட்டு உத்தரப் பிரதேசத்துப் பெண் அதையே இந்தியில் "அண்ணா ஆயா" என்று சொல்லிக்கொண்டு பாத்திரத்தோடு ஓடுகிறாள். சைக்கிளில் வருபவர் அவர்கள் யாருக்கும் அண்ணனல்ல, இட்லி விற்பவர். தாராவியிலிருந்து விடிகாலையில் கிளம்பிப் போன இட்லிக்காரர்களை அவர்களுடைய ஆட்கள் அண்ணா என்று கூப்பிட்டதைக் கேட்டு ஊரே அப்படிக் கூப்பிடத் தொடங்கியிருக்கும். இப்போது இந்த பம்பாய் நகரத்தில் அது ஓர் உறவின் பெயரல்ல, ஒரு பண்டத்தின் பெயர். எங்கள் மேலப்பாளையத்து வீடுகளில் மூத்தவனைக் காக்கா என்போம். இங்கே காக்கா என்றால் சித்தப்பா. இரண்டு பெயருமே எனக்கு வழுக்கிக்கொண்டு போன ஊர் இது.

இருபத்தெட்டு வருடங்களாக இப்படிப் பெயர்களைக் கவனித்துவருகிறேன். பாவ் என்ற ரொட்டியின் பெயரைப் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனார்கள். செம்பூர் என்பதை நம்மவர்கள் செம்மண் ஊர் என்று நினைத்துக்கொள்வார்கள். அங்கே மீன் விற்கும் கோளிப் பெண்கள் நண்டின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். எது சரியென்று எனக்குத் தெரியாது. ஒரு பெயரை மட்டும் நானே தெரிந்தே தவறாக எழுதினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தாராவியில் எனக்குத் தோல் பை தைக்கும் சிறு பட்டறை இருக்கிறது. அதன் மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் சந்தில் அச்சாகும் எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் தாராவி என்ற சொல் இருக்காது. பக்கத்தில் இருக்கும் கௌரவமான பகுதியின் பெயரைப் போட்டு, 'சயான் மேற்கு' என்றுதான் இருக்கும். பெண் பார்க்க வருகிறவர்களிடம், வேலைக்கு மனுப்போடும் இடத்தில், எல்லாவற்றிலும் சயான். நான் வந்த புதிதில் ஒரு கடைக்காரர் என் பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பாராட்டிவிட்டு, எங்கே தைக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தார். அன்றிலிருந்து நானும் சயான்காரன்.

மகள் நஸ்ரினைப் பதினொன்றாம் வகுப்புக்குச் செம்பூரில் ஜூனியர் காலேஜில் சேர்த்தபோது, சயானில் ஃபிளாட் வைத்திருந்த எங்கள் ஊர் ஜவுளிக்கார நண்பரின் முகவரியை எழுதினேன். "கடுதாசி வந்தா நான் குடுத்தனுப்புறேன் காக்கா" என்றார். அவளுடைய அடையாள அட்டையில் அதுவே அச்சானது. யார் கேட்டாலும் சயான் என்று சொல்லும்படி அவளைப் பழக்கியதும் நான்தான்.

அவளுக்குப் பத்து வயதிலிருந்து சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு காலை, ஊசி போட்டுக்கொண்டு, "கேன்டீன்ல சாப்பிட்டுக்குறேன் வாப்பா" என்று ஓடினாள். மழை. பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. வயிறு காலி, ஊசி வேலை செய்துகொண்டிருந்தது. சர்க்கரை இறங்கி, இருக்கையிலேயே சரிந்துவிட்டாள். போனில் சார்ஜ் இல்லை. பக்கத்தில் இருந்த மராத்தி அம்மாள் ஒருவர் கன்னத்தைத் தட்டி, "கர் குடே, பேட்டா?", வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார். அந்த அரை மயக்கத்திலும் என் மகள் நான் கற்றுக்கொடுத்ததை மறக்கவில்லை. "சயான்" என்றிருக்கிறாள்.

அந்த அம்மாள் அட்டையைப் பார்த்து, ஆட்டோ பிடித்து, அந்தக் கட்டடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். நண்பர் ஃபிளாட்டைக் காலி செய்து இரண்டு மாதமாகியிருந்தது. என்னிடம் சொல்ல மறந்திருந்தார். புது வாட்ச்மேன் அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, "இஸ் நாம் கா இதர் கோயி நஹி", இந்தப் பெயரில் இங்கே யாருமில்லை என்றிருக்கிறார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்த அம்மாளோ, வேலைக்காரப் பெண் என்று விரட்டுகிறான் என நினைத்து அவரோடு சண்டை பிடித்திருக்கிறார். இருவரும் உண்மையே பேசினார்கள். நடுவில் என் பொய் உட்கார்ந்திருந்தது, ஆட்டோவின் பின் இருக்கையில் நஸ்ரின் வியர்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வளாகத்தில் அப்போது ஹாரன் சத்தம் கேட்டிருக்கிறது. எங்கள் சந்துக்கு வரும் அதே இட்லிக்காரர், நாங்குநேரிப் பக்கத்துச் செல்வம் அண்ணாச்சி. எட்டிப் பார்த்தவர், "ஏ, இது நம்ம தாராவிப் புள்ளல்லா! காரச் சட்னி கூடக் கேக்குமே!" என்று சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். அவருடைய மனைவிக்கும் சர்க்கரை உண்டு, பார்த்ததும் புரிந்துவிட்டது. வாசல் டீக்கடையில் ஒரு கட்டிங் வாங்கினார். அரைக் கிளாஸ் டீ. பாதிக் கூலிக்காரன் பாதி டீ கேட்டதால் வந்த பெயர் என்பார்கள். அந்த அரைக் கிளாஸில் நான்கு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். பிறகு அதே ஆட்டோவில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் கண் விழித்திருந்தாள். டாக்டர், "இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால்..." என்று தொடங்கினார். மீதியை நான் கேட்கவில்லை. வெளியே அண்ணாச்சி, ஆறிப்போன இட்லிக் குண்டாவோடு நின்றிருந்தார்.

"என்ன பாய், பெத்த புள்ளைக்கு வீட்டையே மாத்தி எழுதி வச்சிருக்கிய?"

"எல்லாரும் எழுதுறதுதானே அண்ணாச்சி."

"எழுதுவாக. எம்மவன் கல்யாணப் பத்திரிகையிலயும் சயான்தான் போட்டேன். பத்திரிகைக்கு மயக்கம் வராதுல்லா."

நான் சிரிக்கவில்லை, அவரும்தான்.

போன வாரம் புது அட்டைக்காக நஸ்ரினோடு காலேஜ் அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் முகவரி என்ற இடத்துக்கு வந்ததும் கை தானாக எஸ் என்ற எழுத்தைப் போட்டுவிட்டது. இருபத்தெட்டு வருடப் பழக்கம். "குடுங்க வாப்பா" என்று பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, சந்தின் பெயர், கதவு எண், தாராவி என்று முழுதாக எழுதினாள். குமாஸ்தா படித்துவிட்டு, "தாராவியா? அங்கே எங்கே தோல் பை நன்றாகக் கிடைக்கும்?" என்று இந்தியில் கேட்டார். அவள் எங்கள் பட்டறையின் பெயரையே சொன்னாள்.

திரும்பும்போது சயான் ஸ்டேஷன் பலகையைப் பார்த்தேன். மராத்தியில் அதன் பெயர் ஷீவ். எல்லை என்று பொருளாம். பழைய பம்பாய்த் தீவு அங்கே முடிந்ததாம். அங்கிருந்து தெற்கே, பழைய நகரத்துக்குள் போக ஆட்டோவுக்கு இன்றும் அனுமதியில்லை. நான் இத்தனை வருடமாக வீடு என்று எழுதியது ஓர் எல்லையை.

ஊருக்குப் போனால் என்னைப் பம்பாய்க்காரர் என்கிறார்கள். இங்கே அண்ணா. நேற்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "கஹான் ரஹ்தே ஹோ, அண்ணா?", எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். நாக்கு பழைய சொல்லுக்குத்தான் போனது. முன் இருக்கையில் நஸ்ரின் கதவோரம் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் புது அட்டை பஸ்ஸோடு ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் படித்துத்தான் அவருக்குப் பதில் சொன்னேன்.