பஸ் குரூப்பில் ஒரு தலைவர்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். 'விதி மீறும் அரசியல் தலைவர்களைச் சமூக ஊடகங்கள் நீக்கலாமா?' என்று டிவியில் விவாதம் வந்தால் வீட்டில் சேனலை மாற்றிவிடுவார்கள். எனக்கு ரத்தக் கொதிப்பு. அந்தக் கேள்வியோடு ஒரு பஸ் ரூட்டில் மல்லுக்கட்டியவன் நான்.

1. ரூல்

கம்பெனி பஸ்ஸில் வரும் தொழிலாளர்களுக்காக, சிங்கப்பெருமாள் கோவில் ரூட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினேன். பஸ் எங்கே வருகிறது, ஷிப்ட் நேரம் மாறியிருக்கிறதா, இவ்வளவுதான் அதில் வரலாம். வேறு எது போட்டாலும் முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை நீக்கம். பெயின்ட் ஷாப் சதீஷ் குட்மார்னிங் ரோஜா போட்டான். எச்சரித்தேன். மறுநாளும் போட்டான், நீக்கினேன். யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை.

அந்த ரூட்டில் பஸ் கான்ட்ராக்ட் எடுத்திருந்தவர் ஒரு ஊராட்சித் தலைவர். அதனால் அவரும் குரூப்பில் இருந்தார். உபயோகமானவர்தான். மழையில் ரோடு மூழ்கினால் அவர் மெசேஜ்தான் முதலில் வரும். போகப் போகப் பிறந்தநாள் பேனர், கட்சிக் கூட்டம், எதிர்க்கட்சிக்கு வசவு என்று ஆரம்பித்தார். எச்சரித்தும் கேட்கவில்லை. எச்.ஆர். மேனேஜரிடம் போனேன்.

"அவரைத் தூக்கினா கேட் முன்னாடி கொடி நட்டுடுவாரு சார். வேற வழி பாருங்க."

வேறு வழியையும் அவரே சொன்னார். அட்மின் மட்டும் எழுதலாம் என்று செட்டிங்கை மாற்றினேன். தன்னால் எழுத முடியவில்லை என்று தலைவர் கோபித்துக்கொண்டார். உடனே அவரையும் அட்மின் ஆக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆக, ரூலை மதித்த அத்தனை பேர் வாயையும் கட்டிவிட்டு, மதிக்காதவர் கையில் மைக்கைக் கொடுத்தோம். தலையில் அடித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய?

2. படம்

முத்துலட்சுமி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் டிரெய்னி, வேலை நிரந்தரமாகும் தறுவாய். தலைவர் ஊரில்தான் வாடகை ரூம். ஒருநாள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அவள் பிஸ்கட் கொடுத்ததை யாரோ படம் எடுத்துவிட்டார்கள். தலைவர் எதையும் விசாரிக்காமல், 'உஷார், பிள்ளை பிடிக்கும் கும்பல்' என்று எழுதி அந்தப் படத்தைக் குரூப்பில் போட்டார்.

டீ பிரேக்கில் என்னிடம் வந்தாள்.

"நான் அப்படிப்பட்டவ இல்லன்னு எழுதலாம்னு பாத்தேன் சார். அட்மின் மட்டுந்தான் எழுதலாம்னு வருது. அந்த ஸ்டாப்புல எறங்கவே பயமா இருக்கு."

நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. படத்தை அழித்தேன், தலைவரை நீக்கினேன், இவள் நம் தொழிலாளி, வந்த செய்தி பொய் என்று எழுதினேன். உடனே தலைவரிடமிருந்து போன்.

"இன்னாபா, என்னியே தூக்கிட்டியா? ஜனங்க ஓட்டு போட்டு வந்தவன் நானு. உன் ரூலு எனக்கு இன்னாத்துக்கு?"

"அந்தப் பொண்ணுகூட ஸ்டாப்புல நின்னு, தப்பா போட்டுட்டேன்னு நாலு பேர் கேக்கச் சொல்லுங்க தலைவரே. அடுத்த நிமிஷம் சேத்துடறேன்."

போனை வைத்துவிட்டார்.

ஆனால் படம் அதற்குள் ஊர்க் குரூப்புகளுக்குப் போய்விட்டிருந்தது. அங்கெல்லாம் நான் அட்மின் இல்லையே. ரூம் ஓனர் காலி செய்யச் சொன்னார். தெருவில் நாலு பேர் அவளை வழிமறித்துக் கேள்வி கேட்டார்கள். அண்ணன் ஊரிலிருந்து வந்து அழைத்துப் போனான்.

3. முடிவு

அவள் ராஜினாமா வந்ததும் எச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டார். "பிரச்சினைதான் முடிஞ்சிடுச்சே சார், தலைவரைச் சேத்துடுங்க." நீங்களும் அட்மின்தானே, நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். சேர்த்துக்கொண்டார்.

தலைவரை நீக்கலாமா கூடாதா என்று நிதானமாக விவாதிக்கும் தம்பிகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். அவரை விட்டுவைத்தால் வேறு யாரோ வெளியே போகிறார்கள். அவர்கள் பெயர் எந்த விவாதத்திலும் வராது.

வேலையை விட்டவர்களின் எண் குரூப்பில் இருக்கக் கூடாது என்று எச்.ஆரில் ஒரு ரூல் உண்டு. முத்துலட்சுமியை நீக்கச் சொல்லி அன்றைக்கே எனக்கு மெசேஜ் வந்தது.