இறந்த அக்கா பார்த்த ஸ்டேட்டஸ்

திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். போன தேர்தலில் எங்கள் முதலாளியின் சம்பந்தி நின்றார். "குடிதண்ணி தராதவருக்கு எங்க வீட்டு ஓட்டு கிடையாது" என்று போனில் ஸ்டேட்டஸ் வைத்தேன். மில் ஆட்கள் யாருக்கும் தெரியாதபடி மறைத்துவிட்டுத்தான் வைத்தேன்.

செத்த நேரம் கழித்து, யார் யார் பார்த்தார்கள் என்று திறந்தேன். முதல் பெயர் ரோஸி அக்கா.

ஆபீஸில் என் பக்கத்து சீட்டில் வேலை பார்த்த அக்கா மஞ்சள் காமாலையில் இறந்து, அவர் குழியில் நானும் ஒரு பிடி மண் போட்டிருந்தேன். நம்பரை அழிக்க மனசு வரவில்லை. இறந்தவரிடம் மறைக்கவும் தோன்றவில்லை. அக்காவின் சாட்டைத் திறந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வந்தது.

"அக்கா?" என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். மேசைமேல் அக்காவின் போன் இருந்தது. அது கம்பெனி கொடுத்த போன் என்பதையே மறந்திருந்தேன்.

"வீட்ல இருந்து என் போன்ல போட்டது சார். அது என் உரிமை" என்றேன்.

"பேசுறது உங்க உரிமைதாம்மா. வேலைக்கு வச்சிருக்கறது எங்க உரிமை. இந்தத் தடவ விட்டுடறேன், போங்க" என்று சிரித்தார்.

இப்போது யாருக்கும் மறைத்து நான் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். இன்றும் முதல் ஆளாகப் பார்ப்பது ரோஸி அக்காதான். உயிரோடு இருந்தபோது "சரியாச் சொன்னடி" என்று உடனே பதில் போடுவார். இப்போது பார்ப்பதோடு சரி.

– ம. தமயந்தி, சின்னாளப்பட்டி