வலிக்கும் என்று சொன்ன சிஸ்டர்

என் தம்பிக்குக் காது குத்திய அன்று ஊரே கேட்க அழுதது நான்தான்.

கீழப்பழுவூரில் கோயிலுக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்ன மண்டபத்தில் விசேஷம். தம்பி மாமாவின் மடியில் உட்கார்ந்து இரண்டு காதையும் கொடுத்துவிட்டு, கையில் ஒரு வாழைப்பழம் கிடைத்ததும் சமாதானமாகிவிட்டான். எனக்கு அப்போது எட்டு வயது. எல்லோரும் அவனையே கொஞ்சிக்கொண்டிருந்தது பொறுக்காமல் பந்திக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். ரச வாளியோடு வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. கொதிக்கக் கொதிக்க இருந்த ரசம் என் வலது காலில், பின்பக்கமாக, தொடையிலிருந்து முட்டி மடிப்பு வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்கியது.

உறவினர்களுக்கு வைத்தியம் தெரியாமல் இருக்குமா? ஒருவர் இட்லி மாவைக் கொண்டுவந்து அப்பினார். இன்னொருவர் பற்பசையைப் பிதுக்கினார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெரியப்பா பேனாவைக் கழற்றி மையைக் கொட்டினார். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அரியலூரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, வெந்த இடம் எது, வைத்தியம் எது என்று பிரித்துப் பார்ப்பதே அவர்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

குழந்தைகள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் எனக்கு. அம்மா கூடவே இருந்தார். அப்பா ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை பார்த்தார்; ஷிப்ட் முடிந்து புருவத்தில் வெள்ளைப் புழுதியோடு வந்து, கட்டிலின் கால்மாட்டில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போவார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். அவர் வந்தால் வார்டே கலகலக்கும். பக்கத்துக் கட்டில் பிள்ளைகளுக்கும் சேர்த்து பிஸ்கட் வாங்கி வருவார். என் மொத்த உலகத்தில் அவரை மிஞ்சிய ஆள் கிடையாது.

வார்டில் எனக்கு இரண்டு சிஸ்டர்களைத் தெரியும். ஒருவர் சின்னப் பெண். மிட்டாய் தருவார். ஊசி போட வரும்போது, “எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும், கண்ணை மூடிக்க” என்பார். எனக்கு எறும்புகளைத் தெரியும். எந்த எறும்பும் அப்படிக் கடித்ததில்லை. இருந்தாலும் மிட்டாய்க்காக அவரை மன்னித்துவிடுவேன்.

மற்றவர் வயதில் மூத்தவர். கண்ணாடி போட்டவர், சிரிப்பு குறைவு. முதல் தடவை கட்டுப் பிரிக்கும் நாளன்று என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் கண்ணுக்கு நேராகப் பார்த்து அவர் சொன்னது இதுதான்:

“வலிக்கும். மருந்து குடுத்திருக்கேன், கொஞ்சம் கொறையும். ஆனா வலிக்கும். நீ அழலாம், கத்தலாம். காலை மட்டும் ஆட்டாதே. தாங்க முடியலன்னா கையைத் தூக்கு, நான் நிறுத்திடுவேன்.”

அவரை எனக்கு உடனே பிடிக்காமல் போய்விட்டது. பெரியவர்கள் யாராவது இப்படி வலிக்கும் என்று ஒப்புக்கொள்வார்களா?

அம்மா என் தோள்களைக் கட்டிலோடு சேர்த்து அமுக்கத் தயாராக நின்றார். சிஸ்டர் அவருடைய கைகளை மெல்ல விலக்கினார். “அமுக்கிப் பிடிக்கிறது உங்க வேலை இல்லங்க. நீங்க தலைமாட்டுல உக்காந்து பேசிக்கிட்டு இருங்க. அம்மாவா மட்டும் இருங்க, போதும்.”

என்ன பேசுவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. தம்பி காலையில் என்ன சாப்பிட்டான் என்பதை விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சிஸ்டர் கட்டின் மேல் எதையோ ஊற்றி ஊறவைத்தார். துணியின் ஓரத்தைத் தொட்டதுமே கையைத் தூக்கினேன். நிறுத்தினார். மறுபடி தொட்டார், மறுபடி தூக்கினேன், மறுபடி நிறுத்தினார். இந்த விளையாட்டு எங்கேயாவது ஒரு இடத்தில் பொய்யாகிவிடும் என்று எதிர்பார்த்து, வலிக்காதபோதுகூடத் தூக்கிப் பார்த்தேன். அப்போதும் நிறுத்தினார். பாதிக் காலைப்பொழுது என் ஒரு காலுக்கே போயிற்று. கடைசியில் எனக்கே அலுத்துப்போய்க் கையைக் கீழே போட்டுவிட்டேன்.

இவ்வளவும் சரி. அவர் என் தலையணையைப் பிடுங்கியதுதான் எங்களுக்குள் பகையாகிவிட்டது.

முட்டியை மடக்கி, அதன் கீழே ஒரு தலையணையை வைத்துக்கொண்டால் வலி அவ்வளவாகத் தெரியாது. அம்மா அப்படித்தான் வைத்திருந்தார். கண்ணாடி சிஸ்டர் வரும்போதெல்லாம் அதை எடுத்துவிட்டு, காலை நீட்டி, அடியில் ஒரு பலகையை வைத்துத் துணியால் கட்டிவிட்டுப் போவார். மடக்கியபடியே புண் ஆறினால் தோல் இழுத்துக்கொண்டு கால் நீளாமலே போய்விடும் என்று அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார். அம்மா தலையாட்டினார். அவர் அந்தப் பக்கம் போனதும், நான் அழுகிற அழுகையைத் தாங்க மாட்டாமல் பலகையை அவிழ்த்துத் தலையணையை வைத்தார். சிஸ்டர் திரும்பி வந்து மறுபடி எடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. தலையணை மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் மதியம் மாமா வந்தபோது சரியாக அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டார். சிஸ்டர் என் காலை நீட்டுகிறார், நான் ஊளையிடுகிறேன், அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிறார். மாமாவின் முகம் மாறிவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் பக்கத்துக் கட்டிலம்மா, தொடையில் தோலை அறுத்து ஒட்டப்போகிறார்கள் என்று ஒரு தகவலையும் சொல்லிவைத்திருந்தார். மாமாவும் அம்மாவும் வராந்தாவில் நெடுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள்.

மறுநாள் மாமா வந்து, “பாப்பா, ரயிலு பாக்கப் போவமா?” என்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். வாசலில் இருந்தவரிடம் எக்ஸ்ரே எடுக்கப் போகிறோம் என்று கூசாமல் சொன்னார். வெளியே ஒரு ஆட்டோ. உள்ளே அம்மா துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். ரயில் நிலையத்தைத் தாண்டியபோது ரயில் எதுவும் நிற்கவில்லை. எனக்கு ரயில் தேவைப்படவும் இல்லை. மாமா எல்லோரையும் ஏமாற்றிவிட்டு என்னை மீட்டுக்கொண்டு போகிறார் என்பதே பெருமையாக இருந்தது. வழியில் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

மீன்சுருட்டியைத் தாண்டி மாமா வீடு. அங்கே பக்கத்து ஊரில் தீக்காயத்துக்குப் பச்சை எண்ணெய் போடும் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், காலைத் தொடக்கூட இல்லை, கோழி இறகால் தடவினார். குளுகுளுவென்று இருந்தது. யாரும் காலை நீட்டச் சொல்லவில்லை. ஒன்றுக்கு இரண்டாகத் தலையணை கிடைத்தது. அத்தை ஊட்டிவிட்டார், நான் ஆஸ்பத்திரியில் இருந்தவரை அங்கேயே விடப்பட்டிருந்த தம்பி விசிறினான். ஆஸ்பத்திரி என்று ஒன்றை எதற்குக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

அன்று ஷிப்ட் முடிந்து வார்டுக்குப் போன அப்பா, என் கட்டிலில் வேறொரு பிள்ளை படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். கண்ணாடி சிஸ்டர்தான் அவருக்கு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, அம்மாவின் போனுக்குப் பேசச் சொல்லி, பிறகு தானும் வாங்கிப் பேசியிருக்கிறார். “ஏன் போனீங்கன்னு கேக்கலம்மா. புள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சா, புண்ணுல வாடை வந்தா, உடனே கொண்டாந்துடுங்க. இங்க யாரும் உங்களைத் திட்ட மாட்டாங்க.” இது அம்மா பின்னாளில் சொன்னது.

சில நாட்களில் காய்ச்சல் அடித்தது. காலிலிருந்து எனக்கே பிடிக்காத ஒரு வாடை வந்தது. மூத்திரத்துக்குத் தூக்கியபோது முட்டி நீளவில்லை. நீட்டப் பார்த்த அத்தை பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார். அப்பா வந்தார். யாரிடமும் சண்டை போடவில்லை. “மாப்ள, வண்டி ஒண்ணு பாரு” என்று மட்டும் சொன்னார். மாமா ஓடிப்போய் ஒரு வண்டியைக் கொண்டுவந்தார்.

வார்டில் கண்ணாடி சிஸ்டர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். “வந்துட்டியா? இப்ப முன்னைவிட வலிக்கும்” என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் மாறவே இல்லை. டாக்டர் வந்து பார்த்து, காய்ச்சல் இறங்கட்டும், அதன் பிறகும் கால் நீளாவிட்டால் ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

காய்ச்சல் விட்ட அன்று சிஸ்டர் கேட்டார்: “புள்ளையத் தூக்கிட்டுப் போனவரு எங்கங்க?”

“வெளிய டீக்கடையில நிக்கிறான் சிஸ்டர். உள்ள வர பயப்படுறான்.”

“கூப்புடுங்க.”

மாமா வந்தார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது. அவருக்கு விழப்போகும் திட்டைக் கேட்க வார்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

“இந்தப் புள்ள யாரு சொன்னா கேக்கும்?” என்று சிஸ்டர் அம்மாவிடம் கேட்டார்.

“இவன் சொன்னாத்தான் கேக்கும்.”

“அப்ப காலை நீட்ட வைக்கிறது இனிமே உங்க வேலைங்க” என்றார் மாமாவிடம். “எப்படிப் புடிக்கணும்னு நான் காட்டுறேன். தெனமும் வாங்க.”

“ஐயோ, நமக்கு ரத்தத்தப் பாத்தாலே மயக்கம் வந்துடும் சிஸ்டர்.”

“அப்ப உக்காந்துக்கிட்டே செய்யிங்க.”

மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். என் பாதத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “வலிக்காது பாப்பா” என்று ஆரம்பித்தார்.

“அப்படிச் சொல்லாதீங்க” என்றார் சிஸ்டர். “வலிக்கும்னு சொல்லுங்க. இன்னைக்குப் பொய் சொல்லிட்டா நாளைக்கு நீங்க என்ன சொன்னாலும் அது நம்பாது.”

ஊரெல்லாம் கதை அளக்கிற மனிதருக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. கடைசியில், “வலிக்கும்டா பாப்பா” என்றார். மாமாவே சொல்லிவிட்டதால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அழுதுகொண்டே அவர் கையை மிதித்தேன்.

அதற்குப் பிறகு மாமா தன் பழைய பாணிக்கு வந்துவிட்டார். அவருடைய உள்ளங்கை ஆக்சிலேட்டர், நான் டிரைவர். கல் லோடு ஏற்றிக்கொண்டு மீன்சுருட்டியிலிருந்து ஆலத்தியூருக்குப் போக வேண்டும். “மேடு வருது, அமுக்கு அமுக்கு!” என்பார். ஹாரனும் அவரே அடிப்பார். நான் கையைத் தூக்கினால் வண்டி நிற்கும். டீ குடித்துவிட்டுக் கிளம்புவோம். முதல் நாள் வண்டி ஜெயங்கொண்டத்தைக்கூடத் தொடவில்லை. பக்கத்துக் கட்டில் பையன் தானாகவே கிளீனராகச் சேர்ந்துகொண்டான். சிஸ்டர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கட்டிலருகே குனிந்து, முட்டிக்கும் மெத்தைக்கும் இடையில் கை நுழைகிறதா என்று பார்ப்பார். நாளாக ஆக அவர் கை நுழைய இடம் குறைந்துகொண்டே வந்தது. விரல் மட்டுமே நுழைந்த அன்று நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பலகையை இப்போது அம்மாவே கட்டினார். தலையணை தலைக்குப் போய்விட்டது. அந்த ஆபரேஷனைப் பற்றி டாக்டர் அதற்குப் பிறகு பேசவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளன்று எனக்குப் புதுப் பாவாடை வந்தது. அப்பா லீவு போட்டுவிட்டு வந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்தபடியே மாமாவை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் குனியப்போனார். வார்டு வாசலில் நின்றிருந்த கண்ணாடி சிஸ்டர், “நடந்து வரட்டுங்க” என்றார்.

மாமா நிமிர்ந்துவிட்டார். அம்மாவைப் பார்த்தேன், அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அப்பா பார்வையை வராந்தாப் பக்கம் திருப்பிக்கொண்டார். என்னை மீட்டுக்கொண்டு போன அதே மாமா, அந்தச் சிஸ்டரின் கட்சிக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் கட்டிலிலிருந்து இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு விட்டுவிட்டு விந்தி விந்தி நடக்க ஆரம்பித்தேன். வராந்தா எனக்கு அப்போது மிக நீளமாக இருந்தது. ஒரு தடவை தடுமாறினேன். பின்னால் மூன்று பேருடைய செருப்புச் சத்தமும் ஒரே சமயத்தில் நின்றது. யாரும் வந்து பிடிக்கவில்லை.

கால் சரியாகிவிட்டதால் இவர்களுக்கு இனி நான் முக்கியமில்லை என்று முடிவு செய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் வாசல்வரை நடந்தேன். வீடு வந்து சேரும்வரை ஒருவரிடமும் பேசவில்லை.