பதினாறு என்று போட்டிருந்தது

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ரேஷன் கடைக் குறுஞ்செய்தி, வங்கிச் சீட்டு, மாத்திரை அட்டை என எதுவானாலும் என்னிடம்தான் வரும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் சொல்வதுதான் முடிவு. ஏழாம் வகுப்பில் அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த வருடம், பாடம் கவனிக்க அப்பா திண்டிவனத்தில் ஒரு செல்போன் வாங்கிக்கொடுத்தார். கடைக்காரர் அதில் ஒரு பூட்டுப் போட்டார். புதிதாக எதை ஏற்றுவதானாலும் அப்பா கட்டைவிரலை வைக்க வேண்டும்.

"பசங்க கண்டதையும் ஏத்திடும்ங்க. நீங்க பாத்துட்டு வைங்க" என்றார்.

அப்பா தலையாட்டினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை நாங்கள் இருவருமே கடைக்காரரிடம் சொல்லவில்லை.

என் வகுப்பில் பாதிப் பேர் ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அதன் படத்துக்குக் கீழே பதினாறு என்று போட்டிருந்தது. எனக்குப் பன்னிரண்டு. வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் போனை நீட்டினேன்.

"இன்னா போட்டுருக்குது பாப்பா?"

"இங்கிலீஷ் பாடம்ப்பா. டீச்சர் ஏத்தச் சொன்னாங்க."

மண்ணில் வேலை செய்து ரேகை தேய்ந்த விரல். போன் ஏற்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் இல்லை. "இரு, சோப்பு போட்டுக்கினு வர்றேன்" என்று போனார். மூன்றாம் முறை திறந்துகொண்டது. என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஆடுவேன். யாராவது கூப்பிட்டால் தூக்கிவாரிப்போடும். ஐந்து வயதுத் தம்பி என் தோளில் தொங்கியபடி பார்ப்பான். ஒருநாள் அவன் வாசலில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி, "சுடாதண்ணா, சுடாதண்ணா" என்று கெஞ்சிவிட்டுக் குப்புற விழுந்தான். எழுந்திருக்கவே இல்லை.

கேப்பைக் கூழ் கரைத்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தாள். "எங்கடா கத்துக்கினே இதெல்லாம்?"

அவன் தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தான். அவன் வாய் திறப்பதற்குள் மிட்டாய் வாங்கித்தருவதாகச் சொல்லிக் கடைக்கு இழுத்துப்போனேன். அதற்குப் பிறகும் விளையாட்டை அழிக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். "போன்ல என்ன இருக்குன்னு நீங்கதான் பாக்கணும். படத்துக்குக் கீழ ஒரு நம்பர் இருக்கும், அது வயசு" என்றார் டீச்சர். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அப்பா எழுந்துவிட்டார்.

"எங்க வீட்ல அந்த பேஜாரே இல்லீங்க. என் ரேகை இல்லாம ஒண்ணும் ஏறாது. நீங்க சொன்ன இங்கிலீஷ் பாடத்துக்குக்கூட நான்தான் வெச்சேன். பாருங்க."

போனைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

டீச்சர் ஒரு தட்டுத் தட்டினார். வகுப்பறை முழுக்கத் துப்பாக்கிச் சத்தம்.

"இன்னா மாமா, மிலிட்டரி பாடமா?" என்று பின்னால் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"இதுக்கா ரேகை வெச்சீங்க?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"ஆமாங்க டீச்சர். தெரிஞ்சுதான் வெச்சேன். ஆசப்பட்டுக் கேட்டுச்சு."

பெற்றவர்களே இப்படி இருந்தால் பிள்ளைகள் எப்படி உருப்படும் என்று டீச்சர் அத்தனை பேர் முன்னால் அவரைத்தான் திட்டினார். அவர் நின்றபடி கேட்டுக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பும் கிளியனூர் பஸ்ஸில் அடிக்காகக் காத்திருந்தேன். "அத எடுத்துடு" என்றார், அவ்வளவுதான். அங்கேயே அழித்தேன். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு எதற்கு விரல் கேட்டாலும் "படி" என்பார். ஆங்கிலத்தில் வரிவரியாகப் படித்துத் தமிழில் சொல்வேன். "இன்னொரு தபா படி" என்பார். என் ஆங்கிலத்தைக் கேட்க அவருக்கு அவ்வளவு ஆசை என்று எண்ணி, ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டுவேன். தோழிகளிடம் இதைச் சொல்லிப் பெருமையும் அடித்திருக்கிறேன்.

போன வருடம் விழுப்புரம் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டபோதும் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வரி தடுமாறி, தற்செயலாக நிமிர்ந்தேன். அப்பா போனைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அன்று வகுப்பறையில் ஒரு நொடி திரும்பிப் பார்த்த அதே பார்வை.