அங்கிள் என்பவர் யார்?

என் பெயர் சௌந்தரராஜன். 'அங்கிள்' என்ற சொல்லை ஒருவருக்கு முறைப்படி விளக்கப்போய், இன்று காலை எனக்கு நேர்ந்ததைப் பதிவு செய்வதே என் நோக்கம்.

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் கவிதா. அவரும் என்னை அங்கிள் என்கிறார். அவருடைய மூன்று வயது மகளும் அங்கிள் என்கிறாள். தாய்க்கும் மகளுக்கும் ஒரே முறை எப்படிப் பொருந்தும் என்று படிக்கட்டில் கேட்டேன்.

"பெங்களூர்ல எல்லாருமே அங்கிள்தானே, அங்கிள்."

விளக்கினேன். அது லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலத்தில் தாயுடன் பிறந்தவரை மட்டுமே குறித்தது. பிறகு சித்தப்பா, பெரியப்பா, அத்தையின் கணவர், பேச்சுவழக்கில் அடகுக்கடைக்காரர் வரை அனைவரையும் ஆங்கிலேயர் அதற்குள் அடைத்துவிட்டனர்.

"சரியாகச் சொன்னால், தாய்மாமன் மட்டுமே அங்கிள்," என்று முடித்தேன்.

கவிதா இடுப்பிலிருந்த குழந்தையைக் கீழே இறக்கிவிட்டார்.

"எனக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்ல. ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்து. யாரு மடியில உக்கார வைப்பேன்னு மாமியார் தினமும் கேக்கறாங்க. நீங்களே வந்துடுங்கண்ணா."

அண்ணா. முறையே மாறிவிட்டது. மறுப்பதற்கு ஒரு விதியைத் தேடினேன். இருந்த ஒரே விதியையும் நானே சொல்லி முடித்திருந்தேன்.

"அங்கிள்," என்று குழந்தை என் விரலைப் பிடித்தாள். திருத்த இடமில்லை.

ஆகவே, வேட்டியைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு, இப்போது தோடு வாங்கப் புறப்படுகிறேன். சீர்த்தட்டில் வேறு என்னென்ன வைக்க வேண்டும் என்பதை அசல் தாய்மாமன்கள் மட்டும் கீழே தெரிவிக்கவும்.