மூன்றாம் முறை கூப்பிட்டது

என் தங்கை ஷைனி விண்வெளிப் பொறியியலில் எம்.டெக். படிக்கிறாள். நான் பத்தாவதோடு கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போனவள். பேரிங் வளையங்களை அளந்து, பிசகியதை ஒதுக்குவது என் வேலை.

அவள் கல்லூரி சீனியர்கள் செய்த சின்னச் செயற்கைக்கோள் ஒன்று, மேலே போன கொஞ்ச நாளில் பேட்டரி கெட்டுச் செத்துவிட்டது. ஆனால் வெயில் படும்போது அது எழுந்து தன் பெயரைச் சொல்லும் என்பது ஷைனியின் கணக்கு. ப்ராஜெக்டே அதுதான். ஒரு தடவை கேட்டால் இரைச்சல் என்பார்கள். அது எங்கள் தலைக்கு மேல் கடக்கும் ஒரே சுற்றில் மூன்று தடவை பதிவாக வேண்டும். இந்த மாதத்துக்குள் முடியாவிட்டால் தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார் அவளுடைய சார். மாற்றினால் ஒரு வருஷம் வீண்.

பின் தெரு இரும்பு உலைகள் ஓடும்வரை அவள் ரேடியோவில் ஒன்றும் கேட்காது. அதனால் எல்லா உலைகளையும் நிறுத்தும் ஆயுத பூஜைக்குக் காத்திருந்தோம்.

அன்று உச்சிவெயிலில் மாடி ஏறினோம். காலடியில் எப்போதும் இருக்கும் அதிர்வு அன்று இல்லை. சிம்னிகளில் புகை இல்லை. எங்கோ பூசணிக்காய் உடைபட்டது. பிறகு அதுவும் இல்லை. அளவெடுக்கும் இரும்பு டேப்பை வெட்டி நான் செய்துகொடுத்த ஆன்டெனாவை ஷைனி உயர்த்திப் பிடித்தாள். ஒரு துண்டுகூட அளவு பிசகவில்லை.

பக்கத்து வீட்டு முத்தம்மா பொரியோடு வந்தாள்.

"இன்னாடி, மீன் முள்ளத் தூக்கிக்கினு நிக்கற? காக்கா ஓட்டறியா?"

"செத்துப்போன சாட்டிலைட்டு பேசுதான்னு பாக்கறேன் அத்தே."

முத்தம்மா சிரிக்கவில்லை. "உச்சி நேரத்துல செத்தது கூப்ட்டா ஒடனே பதில் குடுக்காத. மூணு வாட்டி கூப்ட்டாத்தான் மனுசன்."

"எங்க சாரும் அதத்தான் அத்தே சொல்றாரு."

அப்போது தெற்கே காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து ரேடியோவில் ஒரு மெல்லிய விசில், விட்டுவிட்டு வந்தது. கம்ப்யூட்டர் காட்டுவதற்கு முன்பே ஷைனி அந்த மோர்ஸ் ஒலியைக் காதாலேயே எழுத்துக்கூட்டி அதன் பெயரைச் சொன்னாள். மறுபடி வந்தது. அவள் திரையைப் பார்த்தாள்.

"இப்பத்தான் மொதல்ல முழிச்சேன்னு சொல்லுதுக்கா. ஒவ்வொரு வெயிலுக்கும் அப்டித்தான் போல. செத்ததே அதுக்குத் தெரியல."

விசில் தேய்ந்தது. ஆன்டெனாவை வடக்கே திருப்பினாள். வெறும் இரைச்சல். முத்தம்மா பொரித் தட்டைக் கீழே வைத்தாள்.

மூன்றாம் முறை வந்தது. நூல் போலத்தான், ஆனால் முழுப்பெயர். பதிவாகிவிட்டது.

"இப்ப பதில் குடுடி," என்றாள் முத்தம்மா.

"எங்களாண்ட அனுப்பற மிஷின் இல்ல அத்தே. கேக்க மட்டுந்தான் முடியும்."

அது கூப்பிட்டுக்கொண்டே ஆந்திரா பக்கம் இறங்கிப் போனது.