அக்கரையில் அம்மா

வெளிநாட்டுக்கு ஊழியம் செய்யப் போகிறாள் என்று யாழ்ப்பாணத்தில் எங்கள் சிறிய சபையில் எனக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உபவாச ஜெபம் வைத்தார்கள். அந்த வெளிநாடு, காலையில் தலைமன்னாரில் கப்பலேறினால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடும். இராமேஸ்வரத்தில் இறங்கி, சுங்கக்காரர்கள் என் பெட்டியைக் கிளறி முடித்தபின் ரயிலில் பாம்பன் பாலம் தாண்டி இராமநாதபுரம் வந்தேன். அங்கிருந்து கடலாடிக்கு பஸ். அதற்கும் அப்பால் மாட்டு வண்டியில் போய், இனி நான் வாழப்போகும் கிராமத்தில் இறங்கினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பது வயது ஆகியிருக்கவில்லை. மருத்துவிச்சிப் படிப்பு முடித்திருந்தேன். கல்யாணம் வேண்டாமென்று முடிவு செய்திருந்தேன். அந்தக் கிராமத்துக்குக் கடவுளை நான்தான் கொண்டுபோகிறேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

முதல் வாரம் முழுக்கச் சிரிப்புத்தான். நான் வாயைத் திறந்தாலே பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “இது என்ன மலையாளமா?” என்று ஒருத்தி கேட்டாள். தமிழருக்கே தமிழில் பிரசங்கம் செய்ய வந்தவளுக்கு அது பெரிய அடி. என்னைச் சிலோன்காரம்மா என்றார்கள். ஓட்டு வீடு ஒன்றின் முன்னறையில் மருந்துகளை அடுக்கி வைத்தேன். பின்னறையில் படுத்தேன். ஞாயிறு காலையில் முன்னறையே கோயிலாகும்.

பக்கத்து வீட்டில் என்னைவிட நாலைந்து வயது இளையவள் ஒருத்தி இருந்தாள். புருஷனும் அவளும் மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கூலி வேலை செய்தார்கள். வேலை முடிந்து வரும்போது என் அறை வாசலில் குந்திக்கொள்வாள். நான் பைபிள் வாசிப்பதைக் கேட்பாள். குழந்தை பிறந்து இறந்துபோன துக்கம் அவளுக்கு இருந்தது. பிறகு இரண்டாவதும் தங்கவில்லை. அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து நான் நீளமாக ஜெபித்தேன். ஒருநாள் ஜெபம் முடிந்ததும் அவள் கேட்டாள்.

“ஒங்க சாமி ஒங்கள இங்கன அனுப்பிட்டாரு. அங்கன ஒங்க ஆத்தாளுக்கு ஆரு கஞ்சி வச்சுக் குடுப்பாக்கா?”

“கடவுள் பாத்துக்கொள்ளுவார்.”

“பாத்துக்கிருவாரு. கஞ்சி வைப்பாரா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். என் தம்பி கொழும்பில் வேலையாக இருந்தான். அம்மா தனியாகத்தான் இருந்தாள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை கப்பலேறிப் போய் அம்மாவோடு மூன்று வாரம் இருந்துவிட்டு வருவேன். நான் வந்த எட்டாவது வருஷம், அப்படிக் கடைசியாகப் போனபோது அம்மாவின் கண்ணில் புரை விழுந்திருந்தது. அரிசியில் கல் பொறுக்க முடியாமல் சுளகை என் பக்கம் தள்ளினாள். நான் திரும்புவதற்கு முதல் நாள், கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

“இந்த முறை நில்லன் பிள்ளை.”

அம்மா அதற்கு முன் ஒருபோதும் அப்படிக் கேட்டதில்லை. நான் அலசிக்கொண்டே சொன்னேன். “அங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வயித்தில இருக்கம்மா. முந்தின ரெண்டும் தங்கேல்ல. பேறுக்கு நான் நிப்பன் எண்டு சொல்லிப்போட்டன்.”

அம்மா நான் அலசிய துணியை வாங்கிப் பிழிந்தாள். “சொன்னா போகத்தான் வேணும்” என்றாள். பிறகு, “பிள்ளை பிறந்த உடன வருவியோ?” என்று கேட்டாள்.

“வருவன்.”

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கண்மாய் நிரம்பித் தண்ணீர் ரோட்டின் மேல் ஓடியது. கடலாடி பஸ்ஸும் நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரிக்கு வலி எடுத்தபோது அவளை இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. என் முன்னறையில், மருந்து மேசையைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு, பாய் விரித்தோம். குழந்தை கொடி சுற்றிக்கொண்டு வந்தது. நீலம் பாரித்திருந்தது. அழவில்லை. நான் அப்போது ஜெபிக்கவில்லை. நினைத்துப் பார்த்தால், அந்த ஊரில் நான் ஜெபிக்காமல் செய்த முதல் பிரசவம் அதுதான். சளியை உறிஞ்சி எடுத்தேன், வாயில் வாய் வைத்து ஊதினேன், முதுகைத் தேய்த்தேன். பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. பெண் குழந்தை.

மூன்றாம் மாதம் அவர்கள் தங்கள் குலசாமி கோயிலில் கிடா வெட்டிப் பொங்கல் வைத்தார்கள். அவள் என் வாசலுக்கு வந்து, “நீங்க வராம எப்பிடிக்கா?” என்றாள். நான் போகவில்லை. அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்பார்கள் என்று உள்ளுக்குள் காத்திருந்தவள் நான். இப்போது நினைத்தால், ஒரு கை பொங்கல் சாப்பிட்டு வந்திருக்கலாம்.

குழந்தைக்கு எடை போதாமல் இருந்தது. இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போகலாம், பால் நன்றாகக் குடிக்கட்டும், என்று பயணத்தைத் தள்ளினேன். அதற்குள் அக்கரையில் கலவரம் முற்றி, கப்பல் நின்றுவிட்டது. விமானத்தில் கொழும்பு போகலாம். ஆனால் கொழும்பிலிருந்து வடக்கே போகும் வழி யாருக்கும் நிச்சயமாக இல்லை. இந்தியாவை விட்டுப் போனால் திரும்பி வர அனுமதி கிடைக்குமா என்றும் தெரியவில்லை. தம்பி கனடாவுக்குப் போய்விட்டான். வரவேண்டாம் என்று அம்மாவே ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். நானும் இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

படகுகளில் அகதிகள் வர ஆரம்பித்தார்கள். மண்டபம் முகாமில் மருத்துவிச்சி தேவை என்றார்கள். வாரத்தில் சில நாள் அங்கே போனேன். சேவைதான் என்று மற்றவர்களிடம் சொன்னேன். உண்மையில் ஒவ்வொரு முகத்திலும் எங்கள் தெருவைத் தேடிக்கொண்டிருந்தேன். சில வருஷம் கழித்து எங்கள் தெருவின் மூலைவீட்டுப் பெண் ஒருத்தி, சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றவள், என்னைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

“குண்டு விழத் தொடங்கினதும் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினனாங்கள் அக்கா. அம்மாவும் எங்களோடதான் இருந்தவ. காய்ச்சல். மருந்து ஒண்டும் இல்ல.”

“கடைசியா என்ன சொன்னவ?”

“தண்ணி கேட்டவ. வேற ஒண்டும் சொல்லேல்ல. பள்ளிக்கூட வளவுக்குள்ளயே கிடங்கு வெட்டித் தாட்டனாங்கள்.”

அம்மா இறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் நான் இரவு ஜெபத்தில் அவளுக்கு நல்ல சுகம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கிராமத்துக்குத் திரும்பிச் சொன்னபோது தெருப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். என் முன்னறையில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, தாங்கள் பார்த்தே இராத என் அம்மாவுக்காக ஒப்பாரி வைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் இருந்தாள். நாலு வயதாகிவிட்ட அவள் மகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

“அக்கா, எம் பேறுகாலத்துக்காகத்தான் அன்னைக்குத் திரும்பி வந்தீகளா?”

“கடவுள் அனுப்பினவர்” என்றேன். எத்தனையோ முறை எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப ஒங்க ஆத்தாளுக்கும் எனக்குமாச் சேத்து ஒங்க சாமி ஒரே ஆளத்தான் வச்சிருந்தாராக்கா?”

அதில் கேலி இல்லை. அழுதுகொண்டேதான் கேட்டாள். தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

அதன்பின் வெகுநாள் எனக்கு ஜெபம் வரவில்லை. ஞாயிறு காலையில் பாட்டுப் பாடுவேன், வேதபகுதி வாசிப்பேன், ஜெபிக்கும் இடம் வந்ததும் “அமைதியாக ஜெபிப்போம்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். வந்திருந்த நாலைந்து பேரும் அதை ஒரு புது முறை என்று நினைத்திருப்பார்கள். உள்ளே வெறும் இருட்டு. அம்மாவைக் காப்பாற்றியிருக்க முடியாதா என்று கேட்கக்கூட எனக்குத் துணிவில்லை. ஏனென்றால் கேட்டால், அந்தப் பிள்ளையை வேண்டாம் என்று சொன்னது போலாகும். அவள் தினமும் என் வாசலுக்கு ஓடிவந்து, “பெரியம்மா, மிட்டாய்” என்று கை நீட்டுவாள்.

எப்போது மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு காலத்தில் கடவுளிடம் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் பேசுவதற்கு இடமே விட்டதில்லை. பேச்சு நின்றபின்தான், நான் பேசாவிட்டாலும் அவர் எழுந்து போய்விடவில்லை என்று மெல்ல மெல்ல உணர்ந்தேன். அது ஆறுதல் என்று சொல்லமாட்டேன். துணை என்று சொல்லலாம். ஊரை மாற்ற வந்தவள் என்ற எண்ணம் என்னிடமிருந்து கழன்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அது இப்போது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அவளிடம் அம்மாவைப் பற்றி இன்னும் நிறையச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் குறை.

சண்டை ஓய்ந்திருந்த ஒரு இடைவெளியில் கொழும்பு வழியாக யாழ்ப்பாணம் போனேன். வீட்டுக்குக் கூரையில்லை. கிணறு தூர்ந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் புதிய தலைமையாசிரியர். நல்ல மனிதர், தேநீர் கொடுத்தார். யாரை எங்கே புதைத்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. வேலியோரமாக இருக்கலாம் என்றார் காவலாளி. கிழக்கு மூலை என்றாள் அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண். பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு இடத்திலும் நின்றேன். எந்த இடத்தில் மண்டியிடுவது என்று தெரியாமல் நின்றபடியே இருந்துவிட்டுத் திரும்பினேன்.

பிறகு சண்டை மறுபடி மூண்டது. இரண்டாயிரத்து ஒன்பதில் முடிந்துவிட்டது என்று டிவியில் காட்டினார்கள். அதற்கடுத்த ஞாயிறு என் முன்னறையில் ஆறு பேர் இருந்தோம். சண்டை நின்றதற்கு நன்றி சொல்வதா, செத்தவர்களுக்காக அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து நின்று, “எங்கட சனத்துக்காக ஜெபிப்பம்” என்றேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு வயதான விவசாயி, காது சரியாகக் கேட்காதவர், கொஞ்சம் சத்தமாகவே கேட்டார். “எந்தச் சனம்மா? அங்கன உள்ளவகளா, இங்கன உள்ளவகளா?”

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். ஆறு பேரும் நின்றபடியே ஜெபித்தோம்.